சாமியாருக்கு முன்பே நான் வந்துவிட்டேன்

1

போன வியாழக்கிழமை எங்கள் முதியோர் இல்லத்தில் எண்ணெய் பூசும் நாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை நின்றால் அதைச் செய்தியாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது இந்த இல்லம். இங்கே நான் நர்ஸ். மாதம் ஒருமுறை இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார் வருவார். கூடத்தில் பெரியவர்களை அரைவட்டமாக உட்கார வைப்போம். அவர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். முடிந்ததும் தேநீர், கேக்.

மௌரீன் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். கையில் எண்ணெய் காய்வதற்குள் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார். சீட்டு வழுக்குகிறது என்று சாமியாரிடமே குறைபட்டுக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது பயந்தே போனேன். அடப்பாவிகளா, இத்தனை பேரும் ஒரே நாளிலா போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். வளர்ந்த விதம் அப்படி.

போன வியாழக்கிழமை மௌரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஊருக்குப் போய் வந்தாயே, உன்னைப் பார்த்ததும் உன் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்ததா?"

"ரொம்பச் சந்தோஷப்பட்டார்" என்றேன்.

"பின்னே? மகளாயிற்றே" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் உள்ளங்கையிலிருந்த எண்ணெய் என் கையில் ஒட்டியது. மந்திரித்த எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னது பச்சைப் பொய். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. இங்கே யாரிடம் சொன்னாலும் விளங்காது. ஊர்க்காரர்களுக்குத்தான் விளங்கும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு மதுரை வில்லாபுரத்தில். விமான நிலையம் அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் என்பதால், இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். அப்பா பெயர் சூசை. அரசு டவுன் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். உசிலம்பட்டி ரூட்டில் சந்தை நாளன்று ஆளோடு ஆளாகக் கோழி, கூடை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும். படிக்கட்டில் தொங்குகிறவனைக் கண்ணாடியில் பார்த்தபடியே வைதே உள்ளே தள்ளிவிடுவார். அவருக்கு அதிகாரியும் பயமில்லை, போலீஸும் பயமில்லை. பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். எண்ணெய்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குச் சுகமும் தைரியமும் கிடைக்க வேண்டும் என்று குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிப்பதற்கு நோயில்பூசுதல் என்று பெயர். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம். வயதாகித் தளர்ந்தவர்கள் வாங்கலாம். ஒருதடவை வாங்கினால் மறுபடி வாங்கக்கூடாது என்றெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் இதையெல்லாம் நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் எங்கள் தெருவில் அதற்கு இன்னமும் பழைய பெயர்தான், அவஸ்தை. 'அவஸ்தை குடுத்தாச்சா?' என்று ஒருத்தர் கேட்டால், ஆள் தேறமாட்டார் என்று அர்த்தம். சாமியார் சின்னப் பையோடு ஒரு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால் போதும், அக்கம்பக்கத்தில் பிள்ளைகளை அவசர அவசரமாகச் சாப்பிட வைப்பார்கள். சாவு விழுந்துவிட்டால் அப்புறம் எப்போது அடுப்பு எரியுமோ!

"சாமியார் பையத் தூக்கிட்டு வாராருன்னா, எமன் பின்னாடியே சைக்கிள்ல வாரான்னு அர்த்தம்" என்பார் அப்பா. கோயிலுக்குத் தவறாமல் போகிற மனிதர் வாயில் எமன் எப்படி வந்தான் என்று கேட்காதீர்கள். மதுரையில் எமன் எல்லாருக்கும் பொது.

அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. மூச்சு இழுத்த பிறகுதான் சாமியாரைக் கூப்பிட்டார்கள். அவர் பூசி முடித்து எண்ணெய்ச் சிமிழை மூடுவதற்குள் அம்மா போய்விட்டாள். எண்ணெய்தான் அம்மாவைக் கொன்றது என்கிற மாதிரிதான் அப்பா அதன்பிறகு பேசுவார். 'கூப்பிட்டார்கள்' என்று எழுதுகிறேன், பாருங்கள். நான் அங்கே இல்லை. அப்போது இங்கே என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அட்டை கைக்கு வராமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற குழப்பத்தில் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டேன். ஒருவழியாக வந்து சேர்ந்தபோது கல்லறை மேலே போட்ட மாலையெல்லாம் காய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் போகவே இல்லை. பெரியவன் ஜோயலுக்குப் பரீட்சை, சின்னவள் அனிட்டாவுக்கு அம்மை, கணவருக்கு வேலை மாற்றம், அப்புறம் வீடு மாற்றம். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நிஜமான காரணங்கள்தான். சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

3

போன வருடம் மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்றார்கள். இருதயமும் பலவீனம். தம்பி அந்தோணி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"யக்கா, டாக்டர் ஒண்ணும் வெளிப்படையாச் சொல்ல மாட்டேங்குறாரு. சொல்லவேண்டியவகளுக்குச் சொல்லிருங்கன்னு மட்டும் சொன்னாரு."

பத்தொன்பது வயதிலிருந்து நர்ஸ் வேலை பார்க்கிறேன். அந்த வாக்கியத்தை நானே எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருப்பேன். முதலில் கேட்டது, "ஃபாதர்ட்ட சொன்னியா?"

"என்னக்கா நீ! அப்பாவப் பத்தித் தெரியாதா? ஃபாதரப் பாத்தாருன்னா அங்கனயே உசுரு போயிரும்."

"ஆமா, சரிதான். இப்ப வேண்டாம்" என்றேன் நானும். எங்கள் இல்லத்தில் ஒருவருக்கு லேசாக மூச்சு வாங்கினாலே சாமியாருக்குப் போன் அடிக்கிற அதே வாய்தான்.

விடுப்புக் கேட்டு மேலாளரிடம் போனேன். நல்ல பெண்மணி. ஆனால் விதி விதிதான். வழக்கமான விடுமுறை எல்லாம் தீர்ந்துவிட்டது. பெற்றோருக்கு உயிராபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவசர விடுப்பு உண்டு. அந்தோணி டாக்டரிடம் கேட்டு ஒரு சான்றிதழ் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் 'ஸ்டேபிள்' என்று இருந்தது.

நிலைமை சீராக இருக்கிறது என்று படித்ததும் ஒரு மகள் என்ன செய்ய வேண்டும்? ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். ச்சே, இதை வைத்து லீவு கொடுக்கமாட்டாளே என்று. இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு மூச்சுத்திணறல் கூடி, வேறொரு சான்றிதழ் வந்தது. அதைக் காட்டியதும் உடனே லீவு கிடைத்தது. அப்போது என் மனசில் ஒரு ஓரத்தில் நிம்மதி வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கும்.

4

நான் கிளம்புவதற்குள் அங்கே ஒரு நாடகம் நடந்து முடிந்திருந்தது. அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அழ வேண்டியதைச் சிரித்துச் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட, அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் கட்டில் போட்டு, ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பங்குத்தந்தை ஃபாதர் இருதயராஜ் சேதி கேள்விப்பட்டு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும், "மாமா இப்பத்தான் கண்ணசந்தாக ஃபாதர்" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள் ஸ்டெல்லா. ஆனால் எண்ணெய் வாங்காமல் அப்பா போய்விட்டால் அது ஆயுசுக்கும் உறுத்துமே என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். ஃபாதரிடம் போய், "அங்கி போடாம வாங்க ஃபாதர். பேண்ட் சட்டையில சும்மா பாக்க வந்த மாதிரி வாங்க. பேச்சுவாக்குல நெத்தியில லேசாத் தடவிட்டுப் போயிருங்க" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஃபாதர் இருதயராஜ் சின்ன வயதுக்காரர். சிரித்துவிட்டு, "பேச்சுவாக்குல பூசுறதுக்கு அது என்ன தைலமா அந்தோணி? அவரு வேணும்னு கேட்டாத்தான் பூசுவேன். பாக்க வேணா வாரேன்" என்றாராம். கோடு போட்ட சட்டையும் கையில் ஒரு பை சாத்துக்குடியுமாக வந்தார். அப்பா ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஃபாதர், மப்டியில வந்துருக்கீக?"

ஃபாதர் சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தார்.

"ரூட்டுல செக்கிங்குக்கு வாரவன் இப்படித்தான் மப்டியில ஏறுவான். நாங்க ஹாரன் அடிக்கிற ஸ்டைல்லயே கண்டக்டருக்குச் சொல்லிப்புடுவோம்" என்றிருக்கிறார் அப்பா. "பையில பழம் மட்டுந்தான இருக்கு?"

"பழம் மட்டுந்தான் சூசைண்ணே."

"அப்பச் சரி. உக்காருங்க."

அரைமணி நேரம் பழைய பஸ் கதைகளைக் கேட்டுவிட்டு ஃபாதர் எழுந்து போய்விட்டார். வற்புறுத்தவில்லை. "அண்ணனுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடுங்க. எந்த நேரமானாலும் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

5

நான் வருவதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் சந்தோஷத்தில் தெம்பு வரும் என்று நினைத்தோம். எண்ணெய் விஷயத்தில் அத்தனை ஜாக்கிரதையாக இருந்த நாங்கள், இதில் கோட்டை விட்டோம்.

வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டியை அந்தோணி எடுத்துக்கொண்டான். நான் கூடத்துக்குள் நுழைந்தேன். அப்பா பாதியாக இளைத்திருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, நான் பார்த்தேன். மறு நொடியே அது மாறிவிட்டது. என்னைத் தாண்டி அந்தோணியைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவை. பிறகு மறுபடி என்னை.

"ஏத்தா, நீ எதுக்கு வந்த?"

"உங்களப் பாக்கத்தாம்ப்பா."

"பாக்கவா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "அம்மா செத்ததுக்கே மாலை காஞ்சபிறகுதான் வந்த. இப்ப அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துருக்கன்னா..."

"ஸாரிப்பா" என்றேன். இங்கே எதற்கெடுத்தாலும் ஸாரி சொல்லிப் பழகிய நாக்கு. கதவில் இடித்துக்கொண்டால் கதவுக்கே ஸாரி சொல்வோம். அப்பாவிடம் சொன்னதும் அப்படித்தான் விழுந்தது.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டார். "ஏலே, அம்புட்டு மோசமாவா இருக்கு? எங்கிட்ட ஏண்டா மறைச்சீக?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா..."

"போடா. அக்கா வந்து நிக்கிறா, ஒண்ணுமில்லைங்கிற! போயி ஃபாதரக் கூட்டிட்டு வா. பையோட வரச்சொல்லு."

ஃபாதரைப் பார்த்தால் உயிர் போய்விடும் என்று நாங்கள் பயந்தோம். என்னைப் பார்த்துத்தான் அப்பா தன் சாவைத் தெரிந்துகொண்டார். பிறந்த வீட்டுக்குள் கால் வைத்த மகளை, ஒரு தகப்பன் மரண ஓலையைப் படிக்கிற மாதிரி படித்தார். நான் கட்டிலருகே நின்றபடி, மலர்ந்து பிறகு அணைந்துபோன அந்த முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஃபாதர் இந்த முறை வெள்ளை அங்கியில் வந்தார். ஸ்டெல்லா ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்தாள். அப்பா தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பதால் எங்களை வெளியே அனுப்பினார்கள். கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே அப்பாவின் குரல் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது. என்ன இவ்வளவு நேரம் என்று அந்தோணி கையைப் பிசைந்தான். "அம்புட்டு வருசம் டிரைவரா இருந்தவரு, ஆளுகள வைஞ்ச கணக்கச் சொல்லி முடிக்க வேணாமா?" என்றாள் ஸ்டெல்லா. அந்த நிலையிலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஃபாதர் முதலில் பேசாமல் அப்பாவின் தலைமேல் கைகளை வைத்தார். பிறகு நெற்றியில் பூசினார். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஊசி போடும்போது பிள்ளைகள் மூடுகிற மாதிரி. உள்ளங்கைகளை நீட்டச் சொன்னபோது ஒவ்வொன்றாக நீட்டினார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள். பூசி முடிந்து, நற்கருணையான நன்மை வாங்கி, எல்லாரும் பரலோக மந்திரம் சொன்னோம். அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தாண்ணே" என்றார் ஃபாதர்.

ஃபாதரை வழியனுப்ப வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார். "மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போதுதாங்க எங்களக் கூப்பிடுறாங்க. பூசினதும் ஆள் போயிருவாரு. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? எண்ணெய்னா சாவுன்னுதான் நெனைப்பாங்க. சும்மா இருக்கும்போது கூப்பிட்டா, எண்ணெய் வெறும் எண்ணெயாத் தெரியும். கடைசியில மட்டும் வர்றவனப் பாத்தா யாருக்குத்தாங்க பயம் வராது?"

அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு ஏன் முகம் சுட்டது என்று அவருக்குத் தெரியாது.

6

அப்பா பிழைத்துக்கொண்டார். மருந்தா, எண்ணெயா, அறியேன். நான் நர்ஸ், மருந்து என்றுதான் சொல்ல வேண்டும். நாலாம் நாள் இட்லி கேட்டார். அடுத்த வாரம் ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். என் விடுப்பும் முடிந்தது. கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். "பத்திரமாப் போ தாயி. அடிக்கடி வந்து சிரமப்படாத" என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மட்டி!

அதன் பிறகு அவருக்கு எண்ணெய்ப் பயம் ஓடியே போய்விட்டது. ஃபாதர் இருதயராஜ் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்குமாகப் பங்கில் மாதம் ஒருமுறை எண்ணெய் பூசும் பூசை வைக்கத் தொடங்கினார். அதில் முதல் வரிசையில் அப்பா. லூர்து மாதா திருநாளன்று நடந்த பெரிய பூசையில், பயந்து பின்வாங்கிய திருப்பரங்குன்றத்துக் கூட்டாளி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். "ஏப்பா, ஒண்ணுஞ் செய்யாதுப்பா. நானே ரெண்டு மூணு தடவ வாங்கிட்டேன், கல்லு மாதிரி இருக்கேன்ல?"

ஆனால் பயம் அடியோடு போய்விடவில்லை, எண்ணெயை விட்டு இறங்கி, நான் வருவதன்மேல் ஏறிக்கொண்டது. வீடியோ அழைப்பில் லீவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அப்பாவின் முகம் ஒருமாதிரி ஆகும். "இப்பதைக்கு லீவு கெடைக்காதுப்பா" என்றால், "அதனால என்னத்தா, வேலையப் பாரு" என்பார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. ஏமாற்றத்தை மறைக்கிறார் என்றுதான் பல மாதம் நினைத்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பேச்சு திசைமாற, "பிள்ளைகளக் கூப்பிடு" என்பார். ஜோயல் வந்து, "ஹாய் தாத்தா" என்று கையாட்டிவிட்டு மறைந்துவிடுவான். இங்குள்ள கோயிலுக்கு வருவதையும் இப்போது நிறுத்திவிட்டான். கேட்டால் தோளைக் குலுக்குகிறான். அனிட்டா கொஞ்சம் பேசுவாள். 'நீங்க' அவளுக்கு நாக்கில் வராது. தாத்தாவை நீ வா போ என்றுதான் பேசுவாள். அப்பாவுக்கு அது சர்க்கரையாக இனிக்கும்.

இந்தக் கோடையில் போயே தீருவது என்று முடிவெடுத்தேன். யாருக்கும் உடம்பு சரியில்லாதபோது, எந்தச் சான்றிதழும் இல்லாமல், வழக்கமான விடுமுறையில், சும்மா போக வேண்டும். பிள்ளைகளோடு போனால் பயம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஜோயலுக்குக் கால்பந்துப் பயிற்சி முகாம். "நீங்கள் போய்விட்டு வாருங்கள் அம்மா" என்று ஆங்கிலத்தில் பெரிய மனிதன் மாதிரி அனுமதி கொடுத்தான். அனிட்டா வருகிறேன் என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆடி மாசம் வாரோம்ப்பா. நானும் அனிட்டாவும்."

திரையில் அவர் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"பிள்ளையையும் கூட்டிட்டு வாரியா?" என்றார் மெதுவாக.

"ஆமாப்பா. சும்மாதான் வாரோம்."

"சும்மாவா?" என்றார். பிறகு, "சரித்தா" என்று சொல்லிப் போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அந்தோணி கூப்பிட்டான். "யக்கா, நீ என்னத்தச் சொன்ன? அப்பா எங்கிட்ட வந்து, 'டாக்டர் உங்கிட்ட என்னமோ சொல்லிருக்காரு, மறைக்காதடா, பேத்தியையே கூட்டிட்டு வாராளாம்'னு ஒரே ரகளை. சோறு எறங்கல. நேத்துவரைக்கும் நல்லா இருந்தாரு. நீ வராம இருந்தாத்தான் நல்லா இருப்பாரு போல." பிறகு அவனுக்கே உறைத்து, "வெளையாட்டுக்குச் சொன்னேங்க்கா" என்றான்.

விளையாட்டு இல்லை. டிக்கெட்டை ரத்துச் செய்துவிடலாமா என்று யோசித்தேன். நான் போகாமல் இருப்பதுதான் அப்பாவின் உடம்புக்கு நல்லது என்றால், போகாமலே இருந்துவிட்டுப் போகிறேன். மனசின் ஒரு சின்ன இடத்தில் அது எனக்கு வசதியாகவும் பட்டது. அதைக் கண்டதும் என் மேலேயே எனக்கு அருவருப்பு. ஃபாதர் இருதயராஜுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எண்ணெய் மேல இருந்த பயம் எப்படிங்க போச்சு? மாசாமாசம் பூசித்தான் போச்சு" என்றார் அவர். "நீங்களும் வந்து வந்துதான் போக்கணும். வேற வழியே இல்லம்மா. வாங்க."

மாதாமாதம் பூசலாம், ஃபாதர். மாதாமாதம் அயர்லாந்திலிருந்து எப்படி வருவது? கேட்கவில்லை. "சரிங்க ஃபாதர்" என்று வைத்துவிட்டேன்.

7

விமானம் மதுரையில் இறங்கும்போது எங்கள் மொட்டைமாடி தெரிகிறதா என்று அனிட்டாவுக்குக் காட்டப் பார்த்தேன். எல்லா மாடியிலும் ஒரே மாதிரி நீலத் தண்ணீர்த் தொட்டி. அந்தோணி காரோடு வந்திருந்தான். "எப்படி இருக்காரு?" என்றேன். "நல்லாத்தான் இருக்காரு. சோறும் சாப்புடுறாரு" என்றான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வீட்டு வாசலில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று முகச்சவரம் செய்திருந்தார். திருநாளுக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டி. உடம்பு முன்பைவிடத் தேறியிருந்தது. அவர் அப்படி உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. பயம் தெளிந்துவிட்டது, ஃபாதர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வா தாயி" என்றார். அழவில்லை, நடுங்கவில்லை, அந்தோணியையும் ஸ்டெல்லாவையும் மாறி மாறிப் பார்க்கவுமில்லை. அத்தனை அமைதி. அவர் உள்ளங்கை என் விரலில் வழுக்கியது.

நான் நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு எம்புட்டோ சொன்னேன் மதினி, கேக்கல" என்றாள். "காலையில அவரே கோயிலுக்கு ஆட்டோ புடிச்சுப் போயி ஃபாதரக் கையோட கூட்டியாந்துட்டாரு."

அப்பாவுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவர் என் பின்னால் நின்ற அனிட்டாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தே இராத பேத்தி. கைக்குழந்தையில் ஒரு போட்டோ அனுப்பியதிலிருந்து திரையிலேயே வளர்ந்தவள். அவள் கூச்சமாக முன்னால் வந்து, அவர் நெற்றியில் வெயில் பட்டு மின்னுவதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லத்தா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவள் கன்னத்தைத் தடவினார் அப்பா. "உங்கம்மா வாரான்னு சொன்னாக. அதான் எதுக்கும் வாங்கி வச்சுக்கிட்டேன்."